அரை அங்குலக் கணக்கு: பழைய மெக்கானோ வாங்குகிறவர்களுக்கு

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சாமான்களுக்கு நடுவே ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள் கண்ணில் பட்டால், விலை கேட்பதற்கு முன் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இருந்தால் அது மெக்கானோ அளவு. பட்டைகளை நட்டு, போல்ட்டால் பூட்டி வண்டி, கிரேன் என்று பிள்ளைகள் கட்டி விளையாடும் செட் அது; இங்கிலாந்தின் லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை வாங்கியது. தாத்தா காலத்துப் பட்டையையும் பேரன் காலத்துப் பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இன்றைக்கும் ஓட்டைகள் நேருக்கு நேர் நிற்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இதைத் தேடி அலைவதற்குப் பிள்ளைப்பருவ ஏக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி, உடைந்த செட்டைக்கூட முழுதாக்கிவிட முடியும் என்பது.

நிறம் வயதைச் சொல்லும். 1926-க்கு முந்தியது நிக்கல் பூச்சு. பிறகு சிவப்பும் பச்சையும், 1934-இல் நீலமும் தங்க நிறமும், 1964-இல் மஞ்சளும் கறுப்பும். இது லிவர்பூல் ஆலையின் கணக்கு. பிரான்சில் பொபிஞியிலும் பிறகு கலேயிலும் ஆலை இருந்ததால், சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பங்கள் உள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெட்டிகளையும் எதிர்பார்க்கலாம். மேலே புது பெயின்ட் அடித்து விற்பதும் உண்டு. தகட்டின் மடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் பழைய நிறம் தெரிந்துவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது மரையில்தான். பழைய மெக்கானோ போல்ட்டு 5/32 அங்குல விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் மரை அளவு. அங்குலத்துக்கு 32 மரை. ஹார்டுவேர் கடையில் கிடைப்பது எம்4, அதாவது 4 மி.மீ. மெட்ரிக் போல்ட்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்று. பழைய போல்ட்டில் எம்4 நட்டைப் போட்டால் இரண்டு சுற்று ஓடும், அப்புறம் இறுகிவிடும். மரை இடைவெளி பழையதில் 0.79 மி.மீ., எம்4-இல் 0.7. அங்கே ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் இரண்டும் பாழ். போல்ட்டும் நட்டும் இரண்டுமே எம்4 என்றால் பட்டைகளைப் பூட்டத் தாராளமாகப் போதும், ஓட்டையில் நுழையும். ஆனால் சக்கரத்தின் நடுவே அச்சுக்கம்பி நுழையும் பித்தளைக் குமிழில் எம்4-ஐ ஏற்றவே கூடாது. பித்தளை மிருதுவானது, மரை வழித்துக்கொண்டால் சக்கரம் அச்சுக்கம்பியைப் பிடிக்காது. ஆகவே பெட்டியில் உள்ள குமிழ் ஸ்க்ரூக்களை முதலில் எண்ணுங்கள். பட்டை நாலு குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது துரு. கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் பூச்சு கீறிய இடமெல்லாம் சிவந்துவிடும். பூச்சு முழுக்கப் போன நட்டு, போல்ட்டுகளை வெள்ளை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் தொட்டு வையுங்கள். சோடாவில் அலசாமல் விட்டால் மிச்சப் புளிப்பு மறுநாளே புதுத் துருவைக் கிளப்பும். துத்தநாகப் பூச்சு நன்றாக இருக்கும் உருப்படியை வினிகரில் போடாதீர்கள், பூச்சே கரைந்துபோகும். பித்தளைப் பற்சக்கரத்துக்குக் குத்துவிளக்கு வைத்தியம்தான்: புளி, உடனே கழுவல். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளை ஈரத்தோடு மட்டும் போடுங்கள், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

வளைந்த பட்டையைப் பலகைமேல் கிடத்தி மரச்சுத்தியால் தட்டலாம். ஓட்டையில் மடிந்ததை நிமிர்த்தினாலும் அங்கேயே மறுபடி மடியும், அதைக் கழித்துவிடுங்கள்.

கட்டும்போது சட்டம் ஆடுகிறதா? நாலு பட்டைச் சதுரம் எத்தனை முறுக்கினாலும் சாயும். 4, 5, 6 ஓட்டைப் பட்டைகளை முக்கோணமாகப் பூட்டுங்கள். இடைவெளிகள் 3, 4, 5 என்பதால் மூலைமட்டம் தானாக வந்துவிடும். சுழல வேண்டிய மூட்டில் ஒரு நட்டு போதாது. முதல் நட்டைக் கொஞ்சம் தளரவிட்டு, இரண்டாவதை அதன்மேல் இறுக்குங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்ப, இரண்டு ஸ்பேனர் வேண்டும்.

19 பல் சிறு சக்கரமும் 57 பல் சக்கரமும் இரண்டு ஓட்டை தள்ளிய அச்சுகளில், அதாவது ஒரு அங்குலத்தில், கச்சிதமாகக் கடித்து வேகத்தை மூன்றில் ஒன்றாக்கும். 25-ம் 50-ம் போட்டால் இரண்டில் ஒன்று. ஆனால் பல் கூட்டுத்தொகை 76-க்குப் பதில் 75 என்பதால் லேசாக லொடலொடக்கும். அது பற்சக்கரம் தேய்ந்ததால் வரும் ஆட்டமில்லை, அதைக் காட்டி விலை குறைக்க வேண்டாம்.