மதியம் ரெண்டு மணி வகுப்பு யாருக்கு?

காரைக்குடியில் எந்தக் கல்லூரி விழா என்றாலும் வள்ளல் அழகப்பர் பெயர் வராமல் இருக்காது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார் என்பதெல்லாம் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சரிதான், பெரிய மனசு. ஆனால் அப்படி யாரோ கொடுத்த இடங்களில் இன்றைக்குப் பாடம் எப்படி நடக்கிறது என்று மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நான் வேலை பார்ப்பது வெளியூரில், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். பழைய துறைத்தலைவர் நேர்மையைப் பற்றி அருமையாகப் பேசுவார். ஜூன் மாதம் டைம்டேபிள் ஒட்டினால்தான் விஷயம் புரியும். அவருக்குப் பத்துப் பேர் படிக்கும் விருப்பப் பாடம், காலை பதினோரு மணிக்கு. சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் ரெண்டு மணி வகுப்பு, அதுவும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, கௌரவ விரிவுரையாளர் தலையில். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், பேராசிரியருக்கு 14. காகிதத்தில் அவருக்கும் 14 இருந்தது, வகுப்பெடுத்ததென்னவோ அவருடைய ஆய்வு மாணவர்கள். பதவி உயர்வுக்கு, ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதம் எடுத்திருந்தால் 'நன்று'. உள்ளே போய் என்ன நடத்தினோம் என்பது அந்தக் கணக்கில் வராது. நாங்களும் மெல்ல மெல்ல அந்த 80க்காக மட்டும் வகுப்பெடுக்கப் பழகிவிட்டோம் (நானும்தான், ஒரு செமஸ்டர் முழுக்கப் பழைய நோட்டை வாசித்தே ஓட்டியிருக்கிறேன்).

அடுத்து வந்த மேடம் அதிகம் பேசமாட்டார். வந்ததும் ரெண்டு மணி வகுப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். தான் உழைக்காத ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரைப் போட விடவில்லை. மாணவர்கள் அவரைப் பற்றி எழுதிய கருத்துப் படிவத்தைத் துறைக் கூட்டத்தில் அவரே வாசித்தார்: போர்டில் எழுத்து தெரியவில்லை, வேகம் அதிகம். அன்றைக்கே என் நோட்டைத் தூக்கிப் போட்டேன் என்று சொன்னால் அது சினிமா. ரெண்டு மாசம் ஆச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு ஐயாவிடம் முகப்பில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவருடைய அப்பா பர்மாவில் செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிப் படி எடுபிடியாகப் போய், கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த படியான அடுத்தாள் வரைக்கும் ஆனவர். ஐயா சிரித்தார். "கணக்கு முடியுமுன்ன மேலாள் எந்திரிச்சுப் போயிட்டா, பையன் எதுக்குப்பா கணக்குல குறையுற காலணாவத் தேடப் போறான்?"

மேடம் இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அடுத்த டைம்டேபிள் போடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ரெண்டு மணிக் கட்டத்தில் என் பெயரைப் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன், பேனா எடுக்கத்தான் இன்னும் கை வரவில்லை.