காதல் தோல்வி ரெடி, ஃபேனை நிறுத்துவது யார்?

அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் தனியாக உட்கார்ந்துதான் 'போன் இவர்' (Bon Iver) என்ற தன் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். வெளியே பனி. அதே வேலையை, அதாவது கிட்டாரோடு ஒரு பிரிவுப் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்வதை, லாஸ்பேட்டை மொட்டைமாடி அறையில் மே மாதம் செய்து பாருங்கள், முதல் சரணத்துக்குள் பனியன் நனைந்துவிடும். பிரிவுத்துயரத்துக்குப் புதுச்சேரியில் பஞ்சமே இல்லை. தகராறு எல்லாம் ஃபேனோடுதான்.

ஓடவிட்டால் அந்த இரைச்சல் ஒவ்வொரு டிராக்கிலும் (தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் குரல், கிட்டார்) ஏறும். எட்டு டிராக் அடுக்கினால் சுமார் 9 டெசிபல் கூடும். காதலி போன சோகத்துக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டு கேட்கும். டேக், அதாவது ஒரு தடவைப் பதிவு, ஓடும் நாலு நிமிஷம் ஃபேனை நிறுத்துங்கள், கேட்டுப் பார்க்கும்போது போடுங்கள். கை வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் ஸ்டீல் தந்தி துருப்பிடிக்கும், அதனால் வாசித்த கையோடு துடைத்து, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். தந்தி மாற்றுவதை முந்தின நாளே முடியுங்கள். புதுத்தந்தி இழுபட்டு இழுபட்டு ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாடி அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. இந்த அளவுக்கு அறையே 56 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும், அதன் இரட்டிப்பு 112. கிட்டாரின் ஐந்தாவது தந்தி 110! மைக்கை நட்ட நடுவில் வைத்தால் அந்தத் தந்தி மட்டும் கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி எல்லோரையும் அடக்கிப் பேசும். ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவரிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி வையுங்கள், அடங்கிவிடும். மைக்கின் முனை கிட்டார் கழுத்தின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டை (குறுக்குக் கம்பியை) பார்க்கட்டும், கிட்டாரின் வட்ட ஓட்டையைப் பார்த்தால் 'பம் பம்'தான்.

இலவம்பஞ்சு மெத்தையை எல்லோரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். தப்பு. மைக் முன்பக்கம் கேட்கிற ஜாதி. மெத்தை பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

நிஜமாகவே அழுதுவிட்டுப் பாடலாம் என்பது அடுத்த ஆசை. அழுதால் மூக்கடைக்கும், 'ம', 'ந' எல்லாம் ஜலதோஷக் குரலாக வரும். அழுகையை ஒத்திகையோடு முடித்துக்கொண்டு, வெந்நீர் குடித்து அரை மணி கழித்துப் பாடுங்கள். குரலை இரட்டையாகப் பாடி அடுக்கும்போது 'போய்விட்டாய்' என்ற சொல்லில் கவனம்: இரண்டு குரலின் 'ட்'டும் இம்மி விலகினாலும் யாரோ மாடிப்படியில் தடுக்கி விழுந்த சத்தம். இரண்டாவது குரலில் அந்த 'ட்'டை விழுங்கிவிடுங்கள்.

கடைசியாக, யாரும் மூச்சுவிடாமல் 30 விநாடி அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை அடைக்க அதுதான் உதவும். அந்த 30 விநாடியில்தான் சுவரிலிருந்து பல்லி சொல்லும். அழிக்க வேண்டாம், 'திரும்பி வருவாயா' என்ற வரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்தத் திசையில் சொன்னது, பலன் என்ன என்பதை மட்டும் கீழே அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.