பைதன் 0.9.1: இருபத்தொரு துண்டுகளும் ஒரு வீண் பயணமும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பைதன் என்ற நிரலாக்க மொழியின் முதல் பொது வெளியீடான 0.9.1ஐ இன்று ஓடவிட்டுப் பார்க்கும் இந்த வேலைக்குப் பழைய கணினி தேவையில்லை. இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், மார்கழி மழையில் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய ஒரு சனிக்கிழமை எனக்கு மிஞ்சியிருக்கும்.

நான் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். பாடத்தில் பைதன் உண்டு. என் வகுப்பில் ஒரு மாணவி, நிபந்தனை எழுதும் இடங்களில் இரண்டு சமன் குறிகளுக்குப் பதிலாக ஒன்றையே எழுதிக்கொண்டிருந்தாள். தவணைப் பரீட்சையில் அதற்காக இரண்டு புள்ளிகளை வெட்டினேன். "ஒரு சமன் குறி போட்டா விளங்காதா சேர்?" என்று கேட்டாள். விளங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், பைதனின் முதல் பொது வெளியீட்டில் ஒரு சமன் குறியே ஒப்பிடவும் பயன்பட்டது என்று எங்கோ வாசித்தது நினைவுக்கு வந்தது. அதை ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த முதற் பிழை.

குய்டோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது 1989 நத்தார் விடுமுறையில் எழுதத் தொடங்கிய மொழி, 1991 பெப்ரவரியில் பழைய கலந்துரையாடல் வலையமைப்பான யூஸ்நெட்டின் ஆல்ட்.சோர்சஸ் குழுவில் 21 துண்டுகளாக வெளியிடப்பட்டது. அன்றைய செய்திகளுக்கு அளவு வரம்பு இருந்தமையால் முழுப் பொதியையும் ஒரே செய்தியாக அனுப்ப முடியாது. இந்தத் துண்டுகளைப் பின்னாளில் ஸ்கிப் மொன்டனாரோ, ஆண்ட்ரூ டால்கி ஆகியோர் தேடிப்பிடித்து ஒன்றுசேர்த்தார்கள். அவ்வாறு சேர்த்த பொதி பைதனின் பழைய வெளியீடுகளுக்கான பக்கத்தில் கிடைக்கிறது. உங்களுக்கு ஓடவிட்டுப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதை இறக்கிக்கொண்டு, இதற்கடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மூலச் செய்திகளிலிருந்தே எடுத்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

ஒவ்வொரு துண்டும் ஒரு ஷெல் நிரல். அதை ஓட்டினால் அதற்குள் பொதிந்திருக்கும் கோப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். உள்ளிருக்கும் ஒவ்வொரு வரியின் தலையிலும் எக்ஸ் என்ற எழுத்து காவலுக்கு நிற்கும். விரிக்கும்போது அது நீக்கப்படும். கையால் செய்யவேண்டியது எதுவுமில்லாத, அழகான ஏற்பாடு. நான் அந்தச் செய்திகளை ஒரு களஞ்சியத்திலிருந்து வலைப்பக்கங்களாகச் சேமித்து, பக்கத்தின் ஒட்டுக் குறிகளை (கோணக் குறிகளுக்குள் வரும் வலைப்பக்கக் கட்டளைகளை) நீக்கிவிட்டு மூலத்தை மட்டும் எடுக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். அதுவும் பைதனில்தான்.

அந்தச் சிறு நிரலில்தான் சனி பிடித்தது. வலைப்பக்கத்தில் கோணக் குறிகள் மறைகுறியீடாக எழுதப்பட்டிருக்கும். முதலில் ஒட்டுக்களை நீக்கி, அதன் பின்னரே மறைகுறியீடுகளை உண்மையான குறிகளாக மாற்ற வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். விளைவாக, ஒரே வரியில் < தொடங்கி > வரை இருந்த அனைத்தையும் என் நிரல் ஒட்டு என்று எண்ணி விழுங்கியது. பைதன் எழுதப்பட்டிருக்கும் சி மொழிக் கோப்புகளின் தலையில் இன்க்ளூட் என்ற சொல் மட்டும் நின்றது, <ஸ்டிடியோ.எச்> போய்விட்டது. அதையாவது, மூலத்தை ஓடக்கூடிய நிரலாக மாற்றும் தொகுப்பி உடனே காட்டிக்கொடுத்தது. ஒரே வரியில் ஒரு மாறி சுழியத்திலும் சிறியதா, இன்னொன்று வரம்பிலும் பெரியதா என்று கேட்கும் நிபந்தனைகளில் நடுப்பகுதி மறைந்து, இரண்டு மாறிகள் பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றதைக் கண்டபோதுதான், குய்டோவின் எழுத்தில் பிழை தேடிக்கொண்டிருந்த எனக்கு வெட்கம் வந்தது.

நிரலைத் திருத்தி மீண்டும் விரித்தேன். அதே பிழைகள். இன்னொரு முறை திருத்தினேன், மீண்டும் அதே. அரை நாள் போனது. காரணம் மிகச் சிறியது: அந்தத் துண்டுகள் அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் எழுத மறுத்துவிடும். மறுப்பதைச் சொல்லவும் செய்கின்றன. ஆனால் திரையில் வேகமாக ஓடும் வரிகளுக்குள் அதை நான் கவனிக்கவில்லை. ஆகவே நான் மூன்று முறையும் முதல் முறை பழுதான கோப்புகளையே தொகுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வெறுமையான புதிய அடைவில் விரியுங்கள்.

இரண்டு பக்கங்கள் ஒழுங்காகச் சேமிக்கப்படாததால் அவற்றை உலாவியிலிருந்து கையால் நகலெடுத்தேன். அவற்றுள் ஒன்றில், எதை எப்படித் தொகுப்பது என்று மேக் கட்டளைக்குச் சொல்லும் மேக்ஃபைல் இருந்தது. நகலெடுத்ததில் டேப் எல்லாம் இடைவெளிகளாக மாறிவிட்டன. மேக் கட்டளை, பிரிப்பான் இல்லை என்று முறைப்பட்டு நின்றுவிட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் மேக்குக்கு இரண்டும் ஒன்றல்ல. கடைசியில் வீம்பை விட்டு, சேர்த்துவைத்த பொதியையும் இறக்கி, என் கோப்புகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லாமற் போகும்வரை திருத்தினேன். அந்த ஒப்பீடு எதையும் காட்டாமல் வெறுமனே முடிந்த கணம்தான் இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி.

தொகுப்பது அடுத்தது. இங்கே தன்னியக்க அமைப்பு நிரல் எதுவும் இல்லை. மேக்ஃபைலைத் திறந்து கையால் திருத்த வேண்டும். அமீபா இயங்குதளம் முதலானவற்றுக்கான தெரிவுகள் குறிப்புரையாக மூடி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்காதீர்கள்.

மூலம் பழைய பாணி சி. செயற்கூறின் பெயருக்குப் பிறகு அடைப்புக்குள் மாறிகளின் பெயர் மட்டும் வரும், அவற்றின் வகை கீழே தனி வரியில் வரும். ஜி.சி.சி. தொகுப்பி 14ஆம் பதிப்பு முதல், முன்னறிவிப்பின்றி அழைக்கப்படும் செயற்கூறுகளைப் பிழையாகவே கொள்கிறது. முன்பெல்லாம் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். மொழித் தரமாக ஜிஎன்யூ89 என்று குறிப்பிட்டால் அந்தத் தகராறு தீரும். பிழைச் செய்திகளைத் தரும் ஒரு சிறு கோப்பும் அன்றைய முறைமைகளுக்காகக் கூடவே வருகிறது. அது எதிர்பார்க்கும் பிழைச் செய்திப் பட்டியலை, லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியின் 2.32 பதிப்பு முதல் புதிதாக இணைக்க முடியாது. அந்தக் கோப்பை இணைப்பதிலிருந்து எடுத்துவிட்டால் போதும், அதே வேலையைச் செய்வது இப்போது நூலகத்திலேயே உள்ளது.

இவ்வளவும் செய்து முடித்து ஓட்டினேன். செக்மன்டேஷன் ஃபோல்ட்: தவறான நினைவக முகவரியைத் தொட்டு நிரல் விழுந்துவிட்டது. கட்டளைக்குக் காத்திருப்பதாகப் பைதன் காட்டும் மூன்று அம்புக்குறிகள் கூட வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரவு சென்றது. முன்னறிவிப்பில்லாத செயற்கூறு இன்ட் என்ற முழு எண் வகையைத் திருப்பித் தரும் என்று பழைய சி எடுத்துக்கொள்ளும். 1991இல் இன்ட்டும், நினைவக முகவரியை வைத்திருக்கும் சுட்டியும் பல இயந்திரங்களில் ஒரே அகலம். அதனால் யாருக்கும் கேடில்லை. இன்றைய 64-பிட் முறைமையில் சுட்டி எட்டு பைட், இன்ட் நான்கு பைட். முகவரியின் மேற்பாதி வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. ஆகவே 32-பிட்டாகத் தொகுக்க வேண்டும் என்பது வரை நான் சரியாகவே போனேன். அதற்கான எம்32 தெரிவைக் கொடுத்தேன். உடனே தொகுப்பி, முறைமையின் தலைப்புக் கோப்பு ஒன்றே இல்லை என்றது.

இந்த இடத்தில் நிதானமாக அந்தச் செய்தியை வாசித்திருக்க வேண்டும். நான் வாசிக்கவில்லை. என் மடிக்கணினி 32-பிட்டுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டி, கல்முனையில் பழைய கணினி விற்கும் ஒரு கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "32-பிட் மெஷின் ஒண்டு கிடக்கு சேர், வாங்க" என்றார் கடைக்காரர். ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆரையம்பதி தாண்டியதும் பஸ்ஸின் யன்னல் மூடாமல் என் முழங்கால் வரை நனைந்தது. கடையில் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். இயக்கிப் பார்த்தேன். செயலி 64-பிட். ஏற்றியிருந்த விண்டோஸ்தான் 32-பிட்.

"அதைத்தானே சேர் நானும் சொன்னன்" என்றார் கடைக்காரர். அவரோடு வாதாட ஒன்றுமில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தார். வந்ததற்கு ஒரு பென்டிரைவாவது வாங்குங்கள் என்றார், வாங்கினேன்.

திரும்பி வரும்போது, களுவாஞ்சிகுடியில் பஸ் நெடுநேரம் நின்றது. அப்போதுதான் உறைத்தது: அந்த 64-பிட் செயலி 32-பிட் விண்டோஸை ஓட்டுகிறது என்றால், என் வீட்டுச் செயலியும் 32-பிட் நிரலை ஓட்டும். குறை செயலியில் இல்லை. 32-பிட்டுக்கான நூலகங்களும் தலைப்புக் கோப்புகளும் என்னிடம் இல்லை என்பதைத்தான் தொகுப்பி சொல்லியிருக்கிறது. வீடு வந்து ஈரச் சட்டையோடே அவற்றைத் தரும் ஜி.சி.சி. மல்டிலிப் என்ற பொதியை நிறுவினேன். சில நிமிடங்கள் கூட ஆகவில்லை. மீண்டும் தொகுத்தேன், ஓட்டினேன். எந்த முன்னுரையும் இல்லாமல் மூன்று அம்புக்குறிகள் வந்து நின்றன.

இனி ஓட்டுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். சரங்களுக்கு, அதாவது எழுத்துத் தொடர்களுக்கு, ஒற்றை மேற்கோள் மட்டுமே. இரட்டை மேற்கோள் போட்டால் தொடரியல் பிழை. சுழற்சியில் அடுத்த சுற்றுக்குத் தாவும் கன்டினியூ கூற்று கிடையாது. அகராதியை வெறுமையாக உருவாக்கி, பின்னரே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். வெற்று வரிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே அழகுக்காக இடையில் வரி விட்டு எழுதிப் பழகியவர்கள் அந்த வரிகளை நீக்கிவிட்டே தொடங்குங்கள். இவையெல்லாம் தளர்ந்தது பின்னர் வந்த வெளியீடுகளில்தான். வகுப்பொன்று இன்னொன்றிலிருந்து பெறுவதை எழுதும் முறையும் வேறு: இன்று அடைப்புக்குள் எழுதும் தாய் வகுப்பின் பெயரை அன்று சமன் குறிக்குப் பிறகு எழுதினார்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது எண்கள்தான். மூன்று பாடப் புள்ளிகளைக் கூட்டி 3.0ஆல் வகுக்கும் எங்கள் வகுப்பறை நிரல் வகைப் பிழையோடு நின்றது. முழு எண்ணையும் தசம எண்ணையும் ஒரே கணக்கில் கலக்க இந்த வெளியீடு விடாது. முழு எண்ணை முதலில் ஃபுளோட் ஆக்கித் தர வேண்டும். எல்லையற்ற பெரிய எண்களும் இல்லை. பன்னிரண்டின் காரணியம் (1 முதல் 12 வரையான எண்களின் பெருக்கம்) 479001600 என்று வந்தது. பதின்மூன்றுக்குப் போனதும் எண் வரம்பு மீறிவிட்டது. இதில் பாதிப் பழி 32-பிட்டாகத் தொகுத்த எனக்குத்தான்.

தமிழ் வருமா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. 'மட்டக்களப்பு' என்று ஒற்றை மேற்கோளுக்குள் எழுதி அச்சிடச் சொன்னேன்; பிசகில்லாமல் அச்சிட்டது. நீளம் கேட்டேன், 36 என்றது. நாம் எண்ணினால் எட்டு எழுத்து. ஒருங்குறியில் பன்னிரண்டு குறிகள், அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட். இதில் அதற்குக் குற்றமில்லை, அது வெளியான வேளையில் ஒருங்குறியின் முதற் பதிப்பே வந்திருக்கவில்லை; அது அந்த ஆண்டு ஒக்டோபரில் வந்தது, யூடிஎஃப்-8 அதற்கும் அடுத்த ஆண்டு. தன் கைக்கு வந்த பைட்டுகள் என்னவென்று தெரியாமலேயே அவற்றைச் சேதமில்லாமல் திருப்பித் தந்திருக்கிறது.

திங்கட்கிழமை மடிக்கணினியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்த மாணவியையே அழைத்து, பரீட்சையில் எழுதிய அதே வரியை எழுதச் சொன்னேன். இரட்டை மேற்கோளை மட்டும் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். இஃப், மாறி, ஒரேயொரு சமன் குறி, எண், முக்காற்புள்ளி. அடுத்த வரியில் டேப் தட்டி, 'சரி' என்று அச்சிடும் கூற்றை எழுதி, ஒரு வெற்று வரியும் விட்டாள். திரையில் சரி என்று வந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அவள் திரையை விட்டுத் திரும்பி, "அப்ப எனக்கு வெட்டின அந்த ரெண்டு புள்ளி சேர்?" என்றாள்.

பரீட்சை வினாத்தாளில் பைதனின் பதிப்பு எண் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. இரண்டு புள்ளிகளையும் கொடுத்துவிட்டேன்.