எட்டடிப் பிளைவுட் மீன்தொட்டி: நீர் நிரப்பிச் சோதித்தது வரை

சில்வர் அரோவானா அமேசான் படுகையைச் சேர்ந்த மீன். நன்கு வளர்ந்தால் 90 செ.மீ. வரை நீளும். சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் அதைக் குஞ்சாக வாங்குவோரில் பலர், அது உடலை வளைத்துத் திரும்பவே மூன்றடி அகலம் தேவைப்படும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. என்னிடம் வளர்ந்துவரும் மீனுக்காக எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று அளவு குறித்தபோது, முழுக்கக் கண்ணாடியில் செய்தால் ஆகும் செலவும் எடையும் மலைப்பைத் தந்தன. ஆகவே பார்வைப் பக்கத்துக்கு மட்டும் கண்ணாடி, மற்றவை பிளைவுட் என்று தீர்மானித்தேன். பலகை எட்டுக்கு நான்கு அடியாகவே விற்கப்படுவதால் நீளவாக்கில் ஒட்டுப்போடும் வேலையும் இல்லை.

70 செ.மீ. உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 1,500 லிட்டர். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 700 கிலோவைத் தாங்க வேண்டும். வீட்டு அறைகளின் தளம் நம் நாட்டு விதிகளின்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே கணக்கிடப்படுவதால், மாடியறையை மறந்துவிட்டுத் தரைத்தளத்தில் இடம் ஒதுக்கினேன்.

ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம்) முத்திரையுள்ள 19 மி.மீ. மரைன் பிளைவுட்டைப் பசையிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் இணைத்தேன். முன்பக்கத்தின்மீது மட்டும் நீர் ஏறக்குறைய 590 கிலோ விசையுடன் அழுத்தும். அதில் முக்கால் பங்கு கீழ்ப்பாதியில் விழும். எனவே கண்ணாடிக்கான திறப்பைக் கீழ்ப்பக்கம் அதிக மரம் மிஞ்சும்படி வெட்டி, மேல்விளிம்புகள் வெளியே பிதுங்காதிருக்க நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தையும் பூட்டினேன்.

மரம் பாரத்தைத் தாங்குமே தவிர, நீரைத் தடுப்பது, பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசும் எபாக்ஸிப் பூச்சுதான் என்பதால், என் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே சென்றது. குழாய்த் துளைகளை முன்னதாகவே போட்டு, அவற்றின் உள்வட்டத்துக்கும் பூச்சுக் கொடுப்பது அவசியம். வெட்டுமுகம் வழியாக நீர் புகுந்தால் பலகையின் அடுக்குகள் ஊறிப் பிரிந்துவிடும். உள்மூலைகளை மரத்தூள் கலந்த எபாக்ஸியால் குழிவாக நிரப்பி, அவற்றின்மேல் கண்ணாடி இழைத்துணியைப் பதித்தேன், ஏனெனில் செங்குத்தான மூலையில் துணி படியாமல் காற்று தங்கிவிடும். நம் ஊர் வெயிலில், குவளையில் மொத்தமாகக் கலந்த எபாக்ஸி தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பிக்கொண்டால் பூசுவதற்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. ஈரக்காற்றில் இறுகிய பூச்சின்மேல் மெழுகு போன்ற படலம் தோன்றுவதுண்டு. அதை நீரால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. கடைசிப் பூச்சில் கறுப்பு நிறம் கலந்தேன். அரோவானாவின் வெள்ளிச் செதில்கள் கறுப்புப் பின்னணியில்தான் எடுப்பாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

15 மி.மீ. கண்ணாடியைத் தொட்டியின் உட்புறத்திலிருந்து வைத்து ஒட்டினேன். அப்படி வைத்தால் நீரின் அழுத்தமே அதைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்குவதால், சிலிகானுக்கு இடைவெளியை அடைக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பான் சேர்த்து விற்கப்படும் சிலிகான் மீனுக்கு ஆகாது.

சிலிகான் முழுவதும் இறுகியபின், சிறிது சிறிதாக நீரை உயர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தேன். மேல்விளிம்பின் நடுவில் 2 மி.மீ. பிதுக்கம் தெரிந்து, அதற்குமேல் கூடவில்லை, மூலைகளிலும் கசிவில்லை. அந்த நீரை வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்பி, நீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாக்கள் குடியேறிய பழைய வடிகட்டியின் பஞ்சைச் சம்ப்பில் (வடிகட்டலுக்கான துணைத்தொட்டியில்) இட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை மீனை விடாமல் வைத்திருக்கிறேன். இதற்கிடையே மூடிக்கான வேலை நடக்கிறது: நீருக்கு மேலேயுள்ள பூச்சிகளைத் துள்ளிப் பிடிக்கும் இனம் என்பதால் வெறுமனே பலகையை வைத்து மூடினால் போதாது, தாழ்ப்பாள் தேவை.