மாரி வெள்ளமும் முன் சில்லுப் பேரிங்கும்

தை பிறந்து இரண்டாம் கிழமை. உப்புவெளியிலிருந்து குச்சவெளி மீன் வாடிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அந்தச் சத்தம் முதலில் காதில் பட்டது. நாற்பதில் ஓடும்போது லேசாகத் தொடங்கியது. அறுபதைத் தொட்டதும் காலடியில் வண்டு புகுந்த மாதிரி உறுமல். டயர்ச் சத்தம் என்றால் றோட்டு மாறும்போது அதுவும் மாறும். இது தாரிலும் மணல் படிந்த இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. ஆனால் இடப்பக்கம் வளையும்போது கூடியது, வலப்பக்கம் வளையும்போது அடங்கியது. இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலச் சில்லில் விழும். ஆகவே வலப்பக்க முன் சில்லு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என்னுடையது 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கெப், டீசல், நான்கு சில்லும் இழுக்கும் வகை. வீட்டுக்கு வந்து ஜாக் அடித்து, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். டொக் டொக் என்று ஆடியது. மகனை ஏற்றிப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்றுவிட்டது. மிதித்த பிறகும் ஆடியிருந்தால் சில்லு இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். நின்றதால், சில்லு உருளைகள் மேல் சுழல வைக்கும் பேரிங்தான்.

கிண்ணியாவிலிருந்து எங்கள் நானாவை வரச் சொன்னேன். இருபது வருடமாக அவர் சொல்லித்தான் இந்த வாகனத்தில் கை வைக்கிறேன். வந்ததும், "தம்பி, நீயே கழட்டு, நான் பாக்கிறன்" என்று வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரேக் கலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். அதைப் பிரேக் குழாயில் தொங்க விடவே கூடாது. அப்புறம் ஃப்ரீ ஹப், முன் சில்லை இழுவையோடு இணைக்கவும் விடுவிக்கவும் உள்ள பகுதி. அதன் ஆறு நட்டுக்கும் அடியில் கூம்பு வாஷர்கள் இறுகி இருக்கும். பித்தளைத் துண்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டினால் துள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்ளே இருக்கும் பெரிய நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கெட் வேண்டும். என்னிடம் அது இருந்தது. ஆனால் நட்டின் முனைகள் ஏற்கெனவே உளி பட்டு மழுங்கியிருந்தன. முன்பு ஒரு கராஜில் செய்த வேலை. சரியான சொக்கெட் இல்லாமல் இந்த நட்டைத் தொடுவது எனக்குப் பெரிய கோபத்தைத் தருகிற விஷயம். உளியால் தட்டி இறுக்கியவருக்கு எவ்வளவு இறுக்கினோம் என்று எப்படித் தெரியும்?

சில்லு மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே இருக்கும் கப்பை, அதாவது பேரிங்கின் வெளி வளையத்தை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பளபளக்க வேண்டிய வளையத்தில், அடிப்பக்கம் மட்டும், பழுப்பு நிறத்தில் குறுக்குக் கோடுகள். சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளி. நானா உருளைகள் கோத்த உள் வளையமான கோனை எடுத்து அந்தக் கோடுகளின் மேல் வைத்தார். ஒவ்வொரு உருளையும் ஒவ்வொரு கோட்டில் போய் உட்கார்ந்தது.

"இது ஓடித் தேஞ்ச பேரிங் இல்ல தம்பி. நின்ட இடத்தில துருப்பிடிச்சது."

எனக்கு உடனே நினைவு வந்தது. கார்த்திகை மழையில், குச்சவெளிக்கு அப்பால் ஒரு மதகடியில், முழங்கால் உயர வெள்ளத்தில் கெப்பை இறக்கினேன். ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ரப்பர் அடைப்பான ஒயில் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகும் நாளாந்தம் ஓடியிருந்தால் இவ்வளவு மோசமாகியிராது. மாரிக் கடலில் தொழில் இல்லாததால், கெப் ஒரு மாதம் இதே மரத்தடியில் அசையாமல் நின்றது. உருளை நின்ற இடமெல்லாம் துரு. வெள்ளம் வடிந்த கிழமையே ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்றியிருக்க வேண்டும்.

புதிய பேரிங் வாங்கும்போது கப்பையும் மாற்ற வேண்டும். கோனும் கப்பும் சோடி. பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் அந்தக் கோடுகள் புது உருளையையும் தின்றுவிடும். ஹப்பின் உள்ளே இருக்கும் வெட்டுகளில் பித்தளைக் கம்பியை வைத்து, மாறி மாறித் தட்டிப் பழையதை இறக்கினேன். புதியது கடைசிவரை இறங்கியதும் தட்டும் சத்தமே மாறும், கணீர் என்று.

கிரீஸை விரலால் பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு கட்டி எடுத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தால் அதை வெட்டி வெட்டி அழுத்த வேண்டும். மறுபக்கம் உருளைகளுக்கிடையே புழுப் போலக் கிரீஸ் வெளியே வரும்வரை. ஒரு பேரிங்குக்கு எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

இறுக்குவதுதான் உயிர்நாடி. முதலில் 59 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் சுற்றி உருளைகளை உட்கார வைத்து, நட்டைத் தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்கினேன். பிறகு வாடியில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியைச் சில்லு போல்ட் ஒன்றில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தேன். ஹப் அசையத் தொடங்கும் கணத்தில் முள் ஏறத்தாழ 3 முதல் 5½ கிலோவுக்குள் காட்ட வேண்டும். கலிப்பர் இல்லாமல் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பிரேக்கின் பிடியும் கணக்கில் சேர்ந்துவிடும். முதலில் 2 காட்டியது. கொஞ்சம் இறுக்க, 4. லொக் வாஷரும் வெளி நட்டும் போட்ட பிறகு இன்னும் கூடும் என்று நானா சொன்னபடி, 5 ஆனது. அப்படியே விட்டு வாஷரின் காதை மடித்தேன்.

கன்னியா வரை ஓட்டிவிட்டு வந்து இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தோம். ஒரே மிதமான சூடு. சத்தம் இல்லை.

அடுத்த ஞாயிறு, சத்தமே போடாத இடப்பக்கத்தையும் திறந்தேன். கிரீஸ் பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. கப்பில் இன்னும் கோடு விழவில்லை. கழுவி, காயவைத்து, புதிய ஒயில் சீலும் புதிய கிரீஸும் போட்டு, பழைய பேரிங்கையே மாட்டி மூடினேன்.