உடலே சுரப்பதை ஊக்கமருந்தென்று நிறுவுதல்

ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றதும், இயந்திரத்தில் சிறுநீரை ஊற்றினால் விடை வந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டவீரர் பென் ஜான்சனிடம் கண்டறியப்பட்ட ஸ்டானோசோலால் என்னும் செயற்கை ஸ்டீராய்டு போன்றவற்றுக்கு அந்த நினைப்பு ஓரளவு பொருந்தும். மனித உடல் அதைச் சுரப்பதே இல்லை என்பதால், அதன் சிதைபொருள் உறுதியானாலே போதும். ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ எல்லோர் உடலிலும் இருப்பது. ஊசிவழி வந்ததையும் உடல் சுரந்ததையும் பிரித்தறிவதில்தான் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி கழிகிறது.

சிறுநீரில் எளிதில் கரைய உடல் சேர்க்கும் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைந்து வெளியேறும் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகளை முதலில் நொதியால் விடுவித்து, கரைப்பான் சேர்த்துக் குலுக்குவோம். குழாயில் மஞ்சள் நீர் கீழே தங்க, நிறமற்ற கரைப்பான் மேலே தெளியும். சில மாதிரிகளில் இரண்டுக்கும் நடுவே நுரைபோன்ற படலம் பிடிவாதமாக நின்றுவிடும். அதைத் தீண்டாமல் மேலடுக்கை மட்டும் உறிஞ்சியெடுக்கும் கைப்பக்குவம் எந்தக் கையேட்டைப் படித்தும் வருவதில்லை.

சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனுக்கும், அதையொத்து உடலே சுரக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 4-ஐத் தாண்டினால் சந்தேகம் எழும். ஆனால் டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீர்வழி வெளியேற்ற உதவும் யுஜிடி2பி17 மரபணு இல்லாதவர்களுக்கு, கிழக்காசியாவில் இவர்கள் அதிகம், சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாகவே வெளியேறும். ஊசி போட்டுக்கொண்ட பிறகும் விகிதம் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும். மறுபுறம், மது அருந்தியவரின் விகிதம் தற்காலிகமாக ஏறும். வெப்பத்தில் கிடந்த மாதிரியில் பாக்டீரியாக்களும் அளவுகளைக் குலைத்துவிடும். எனவே விகிதத்தை மட்டும் நம்பித் தீர்ப்பெழுத நான் ஒருபோதும் துணிந்ததில்லை.

என் மனத்துக்கு நிறைவு தருவது கார்பன் ஐசோடோப்புச் சோதனைதான். மருந்துக்கான டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் ஸ்டெரால்களிலிருந்து தயாராவதால், பலவகை உணவிலிருந்து உடல் உருவாக்குவதைவிட அதில் கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான கார்பன் அணு பொதுவாகக் குறைவு. அதே சிறுநீரிலுள்ள, டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் மாறாத பிரெக்னேன்டையால் என்னும் ஸ்டீராய்டை உடலின் சொந்த அளவுகோலாக வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். செலவும் நேரமும் மிகுந்த சோதனையாதலால் எல்லா மாதிரிகளுக்கும் இதைச் செய்ய இயலாது. 2014 முதல் ஸ்டீராய்டு அளவுகளும் வீரரின் சோதனை அளவுகளைத் தொடர்ந்து தொகுத்துவைக்கும் உயிரியல் கடவுச்சீட்டில் சேர்ந்திருப்பதால், அவருடைய பழைய அளவுகளே எந்த மாதிரிக்கு அது தேவையென்று சுட்டுகின்றன. ஊரார் சராசரியோடு ஒருவரை ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ நியாயமானது.

ஒரே சிறுநீரை ‘ஏ’, ‘பி’ என இரு புட்டிகளாகப் பிரித்து வைப்பார்கள்; ‘ஏ’ மாதிரியில் குற்றம் தென்பட்டு ‘பி’ புட்டியைத் திறக்கும் நாளில், வீரரோ அவர் அனுப்பியவரோ அருகில் நிற்கலாம். வேதியியலைவிட, மூடி அசைந்திருக்கிறதா, எண் பொருந்துகிறதா, உறைபெட்டியிலிருந்து யார் எடுத்து வந்தார் என்றே அவர்கள் துருவிக் கேட்பார்கள். கேட்கட்டும், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நேரமும் கையொப்பமும் இட்ட பதிவேட்டை அவர்கள் முன் விரித்து வைத்த பிறகே மூடியில் கை வைப்போம்.