சக்கர் ஏறும் காலம்: ஓர் ஏப்ரல் நாட்குறிப்பு

ஏப்ரல் 5, சனி

ஓடை இன்னும் கலங்கலாகவே ஓடுகிறது. மார்ச் கடைசியில் பெய்த உறைமழையில் முறிந்த கிளைகள் கரையெங்கும் கிடக்கின்றன. வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன்: 5 டிகிரி. சக்கர் மீன் முட்டையிட ஏரியை விட்டு ஓடைக்குள் ஏற 10 டிகிரியாவது வேண்டும். அதுவரை காத்திருப்பதுதான்.

ஓடையின் பெயரை எழுதப் போவதில்லை. டொராண்டோவுக்குக் கிழக்கே ஒண்டாரியோ ஏரியில் விழும் ஓடைகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தூண்டில்காரனிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம். இடத்தை மட்டும் கேட்கக் கூடாது.

ஏப்ரல் 12, சனி

7 டிகிரி. தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன்தான் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஃப்ளை, அதாவது பூச்சியைப் போன்ற போலி இரை, கட்டினேன். 12ஆம் எண் கொக்கியில் முயல் மயிரைச் சுற்றி, செப்புக் கம்பியால் வரிந்து, தலைப்பக்கம் ஒரு பித்தளை மணி. தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல்லாக ஊரும் பூச்சிப் புழுவைப் போல இது உருளும். சிவப்பு நூலில் சில புழுக்களும் கட்டினேன். சிவப்புப் புழுவைக் கண்டால் மூக்கைச் சுளிக்கும் ஃப்ளைக்காரர்கள் உண்டு, மீன் சுளிப்பதில்லை.

இங்கே வசந்தத்தில் ஃப்ளைத் தூண்டிலோடு புறப்படுகிறவனை யாராவது பார்த்தால் "ரெயின்போ டிரவுட்டுக்கா?" என்றுதான் கேட்பார்கள். சக்கருக்கு என்று சொன்னால் ஒரு சிரிப்பு கிடைக்கும். கீழ்நோக்கிய தடித்த வாய், மங்கலான பழுப்பு உடல், உள்ளே ஏகப்பட்ட முள். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. நம் ஊர்க் கெண்டைக்குத் தூரத்துப் பங்காளி. இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கனடாவில் இதை ஒதுக்கித் தள்ளும் 'கரட்டு மீன்' பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. இன்று வேண்டாம், கையில் பசை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் புத்தாண்டு. அக்காவின் மகனுக்குக் கைவிசேடம் கொடுத்தேன். காசை வாங்கிக்கொண்டு, "மாமா, என்னையும் மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றான். பன்னிரண்டு வயது. ஒண்டாரியோவில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு உரிமம் தேவையில்லை, ஆகவே அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

வந்துவிட்டன.

காலையில் 9, மதியத்துக்குள் 10 தாண்டியது. முதலில் ஒன்றுமே தெரியவில்லை. மருமகன்தான் கண்டான்: வளைவுக்குக் கீழே இருக்கும் மடுவில், அடியோடு ஒட்டினாற்போல் நிழல்கள். ஒன்று அசைந்தால் பக்கத்தில் நாலைந்து அசைந்தன. சூரியன் மேகத்துக்குள் போனதும் எல்லாம் கல்லாகிவிட்டன. தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இந்த மீனைத் தேடுவது வீண் வேலை.

முட்டையிடும் இடத்தில் நிற்கும் மீனுக்கு இரை நினைப்பு இருக்காது. அங்கே போய்த் தூண்டில் போடுவது அவற்றின் முதுகில் கொக்கியை மாட்டுவதற்குத்தான் உதவும். ஏறும் வழியில் மூச்சு வாங்கத் தங்கும் மடு வேறு விஷயம். அங்கே மேய்ந்துகொண்டே இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்: ஃப்ளைக்கு ஒரு முழம் மேலே தூண்டில் நரம்பில் தகரக் குண்டு ஒன்றைக் கடித்து வைக்க வேண்டும். ஈயம் வேண்டாம், அதை விழுங்கி லூன் பறவைகள் சாகின்றன. மேலே சிறிய தக்கை. நீரோட்டத்துக்கு மேற்புறம் எறிந்து, ஃப்ளை அடியைத் தொட்டபடி, இழுப்பு இல்லாமல் தண்ணீர் வேகத்திலேயே வர விட வேண்டும். நரம்பு சற்று விறைத்தாலும் ஃப்ளை அடியை விட்டு எழும்பிவிடும், எழும்பிய ஃப்ளையைச் சக்கர் திரும்பிக்கூடப் பார்க்காது. மேலே துள்ளி வந்து கவ்வும் டிரவுட்டுக்குப் பழகியவர்கள் இங்கே பொறுமை இழப்பார்கள்.

சக்கர் கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. தக்கை மூழ்காது. ஓடிக்கொண்டிருந்தது ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். கோலை உயர்த்தினால், கல்லில் மாட்டியதா மீனா என்று தெரியாத ஒரு கனம். பிறகு அந்தக் கல் மெதுவாகத் தலையை ஆட்டும்.

முதல் மீன் துள்ளவில்லை, பாயவில்லை. அடியிலேயே தலையைக் கவிழ்த்து, ஓட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு கீழே இழுத்தது. ஐந்தாம் எண் கோல் கைப்பிடி வரை வளைந்தது. கைவலைக்குள் வந்தபோது மருமகன் அதன் வாயை உற்றுப் பார்த்தான். உதடு முழுவதும் சின்னச் சின்னப் பருக்கள். விரலால் தொட்டதும் வாய் குழாயாகக் கீழ்நோக்கி நீண்டது. தாடையில் ஒரு பல்கூட இல்லை. பல் தொண்டைக்குள் இருக்கிறது, சீப்பு வரிசையாக. பூச்சியையும் சிப்பியையும் அங்கேதான் அரைக்கிறது. கொக்கி மேலுதட்டில், நடுவில். முறைப்படி பிடித்த மீன்.

"சாப்பிடலாமா மாமா?"

"பிறகு பார்க்கலாம்" என்றேன். விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 19, சனி

மீன் ஏராளம். முதுகிலும் துடுப்பிலும் மாட்டியவை சில. வாயில் மாட்டாத மீனை உடனே விட வேண்டும் என்பது இங்கே சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைப் பிடித்ததாகச் சொல்ல எனக்கு நா எழாது. நரம்பு மீனின் உடம்பில் உரசும்போதும் தக்கை தயங்கும். அந்தத் தயக்கம் சற்று நீளமானது, வழுக்குவது. அதற்குக் கோலை உயர்த்தாமல் இருப்பதுதான் இந்த விளையாட்டில் பாதி வித்தை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேலை முடிந்து நேரே ஓடைக்கு. தூண்டிலைக் காரிலேயே வைத்துவிட்டுப் பார்க்க மட்டும் போனேன்.

மடுவுக்கு மேலே முழங்கால் ஆழம்கூட இல்லாத சரளைப் பரப்பு. பெரிய பெண் மீன் ஒன்று வந்து நின்றது. இரண்டு பக்கத்திலும் அதைவிடச் சிறிய ஆண்கள், உடம்பை ஒட்டி. ஆண்களுக்கு விலாவில் ஒரு கறுப்புப் பட்டை, குதத் துடுப்பிலும் வாலிலும் வெள்ளை மருக்கள். சனிக்கிழமை ஒன்றைப் பிடித்தபோது தொட்டுப் பார்த்தேன், அரம்போலச் சொரசொரக்கிறது. பெண்ணை ஓட்டத்தில் நழுவாமல் இறுக்கிப் பிடிக்க அது உதவும். மூன்றும் சேர்ந்து சில விநாடிகள் நடுங்கின. சரளை கலைந்து புகைந்தது. முடிந்ததும் ஆண்கள் விலகின, பெண் சற்று மேலே நகர்ந்தது, வேறு இரண்டு ஆண்கள் ஒட்டிக்கொண்டன.

கூடு இல்லை, காவல் இல்லை. ஒரு பெண் ஆயிரமாயிரமாக விடும் முட்டைகள் ஒட்டும் தன்மையோடு கல்லிடுக்கில் சிக்கிக்கொள்கின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிக்கும். பசிபிக் சால்மன்போல இவை முட்டையிட்டதும் சாவதில்லை. ஏரிக்குத் திரும்பிப் போய், பின்னொரு வசந்தத்தில் மறுபடியும் வரும். மிச்சிகன் ஏரியில் விழும் ஓடைகளில் ஆய்வு செய்தவர்கள், சக்கர் ஏறும் காலத்தில் அவற்றின் முட்டையாலும் கழிவாலும் ஓடையில் ஊட்டச்சத்து கூடுவதையும், அடியில் வாழும் பூச்சிகள் நன்றாக வளர்வதையும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சிகளைத் தின்றுதான் டிரவுட் குஞ்சுகள் பருக்கின்றன. இதை வரும் சனிக்கிழமை டிரவுட்டுக்காகக் கரையில் வரிசைகட்டப் போகிறவர்களிடம் யார் சொல்வது?

ஏப்ரல் 24, வியாழன்

ஏஜாக்ஸ் பக்கம் போன வேலையில் டஃபின்ஸ் ஓடையை எட்டிப் பார்த்தேன். அங்கே கடல் லாம்ப்ரே தடுப்பு ஒன்று இருக்கிறது. லாம்ப்ரே என்பது மற்ற மீன்களின் உடம்பில் வாயை ஒட்டி இரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணி. பேரேரிகளின் மீன்வளத்தை அது அழித்த கதை பெரியது. அதை அடக்கத்தான் 1950களில் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆணையமே அமைத்தன. லாம்ப்ரே முட்டையிட மேலே போகாதபடி ஓடைகளில் தாழ்ந்த தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். ரெயின்போ துள்ளித் தாண்டிவிடும். சக்கருக்குத் துள்ளத் தெரியாது. சில இடங்களில் பொறிவைத்துப் பிடித்து, லாம்ப்ரேயை நீக்கிவிட்டு மற்ற மீன்களைக் கையால் தூக்கி மேலே விடுகிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டியதுதான். ஆனால் துள்ளுகிறவனுக்கு ஏற்ற உயரத்தில் வாசற்படி அமைத்தால் துள்ளாதவன் வெளியேதான் நிற்பான்.

ஏப்ரல் 26, சனி

ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை. டிரவுட் பருவம் திறக்கும் நாள். விடியுமுன்பே பாலத்தடியில் தோளோடு தோள் மனிதர்கள். என் மடுவிலும் மூன்று பேர்.

ஒருவர் சக்கர் ஒன்றை இழுத்து, சலித்துக்கொண்டு, கொக்கியைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். நான் போய் எடுத்துத் தண்ணீரில் விட்டேன். "அது டிரவுட் முட்டையைத் தின்னும், தெரியாதா?" என்றார். டிரவுட்டும் சக்கர் முட்டையைத் தின்கிறது என்றேன். உண்ணத்தகுந்த மீனை இப்படிக் கெட விடுவது இந்த மாகாணத்தில் குற்றம் என்பதையும் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் நரம்பின் நுனியில் இருந்தது வெளிறிய மஞ்சள் நூலை முடிச்சு முடிச்சாகக் கட்டிய ஃப்ளை. அதன் பெயரே 'சக்கர் ஸ்பான்'. சக்கர் முட்டையைப் போலச் செய்து, அதைக் காட்டி ரெயின்போவைப் பிடிக்கிறார். சக்கர் மட்டும் ஆகாது.

அன்றைக்குச் சொல்கிறேன் என்ற பட்டியல் விஷயம் இதுதான். ரெயின்போ பசிபிக் கரை மீன். 1870களில் கொண்டுவந்து பேரேரிகளில் விட்டார்கள். பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1880களில். சினூக், கோஹோ சால்மன்கள் ஒண்டாரியோ ஏரியில் 1960களின் கடைசியில் குடியேறியவை. ஏரியின் சொந்த அட்லான்டிக் சால்மனோ, மரம் அறுக்கும் ஆலைகளின் அணைகளாலும் அளவின்றிப் பிடித்ததாலும் 1900க்குள் அற்றுப்போனது. சக்கர் பனியுகம் விலகிய காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறது. இங்குள்ள பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் ஒரு மாதத்துக்கே இதன் பெயரை வைத்திருக்கிறார்கள்; பனிக்காலக் கையிருப்பு தீரும் நேரத்தில் வரும் உணவு அல்லவா. வந்தேறிக்கு மாலை, மண்ணின் மைந்தனுக்குக் கரையில் சாவு. நானும் வந்தேறிதான், ஆகவே இதை ஓரளவு கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

2021இல் அமெரிக்க மீனியலாளர்கள் சிலர் இந்தக் 'கரட்டு மீன்' என்ற வகையையே கைவிட வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். சக்கர் குடும்பத்துப் பெருவாய் பஃபலோ 112 ஆண்டு வாழும் என்று 2019இல்தான் கண்டுபிடித்தார்கள். யாரும் அதுவரை எண்ணிப் பார்க்க மெனக்கெடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாலையில் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எந்த நீரில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாணம் வெளியிடும் வழிகாட்டியைப் பார்த்த பிறகுதான். குளிர்ந்த தண்ணீரில் பிடித்த சக்கரின் சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும், கோடையில் குழைந்துவிடும்.

முள்தான் சிக்கல். சதைக்குள் கவைமுள் நிறைந்திருக்கிறது, பொறுக்கி மாளாது. மாமி பார்த்ததும், "இதைக் குழம்பு வைத்தால் வீட்டில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சதையை வழித்து இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இருமுறை விட்டார். முள் தூளாகிவிட்டது. அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு, தேசிக்காய்ப் புளி. உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டிப் பொரித்தார். சூரை கட்லட்டுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. மருமகன் எண்ணாமல் தின்றான். மாமி மட்டும், "கொஞ்சம் மண் வாசம்" என்றார், நாலாவதை எடுத்துக்கொண்டே.

மே 4, ஞாயிறு

14 டிகிரி. சரளைப் பரப்பு வெறிச்சோடிவிட்டது. முட்டையிட்டு இறங்கும் மீன்கள் சில கீழ் மடுவில் நிற்கின்றன. உடல் மெலிந்து, பசியோடு. இப்போது எதைப் போட்டாலும் உறிஞ்சுகின்றன. ஒன்றைப் பிடித்து விட்டேன், அதன்பின் மனம் வரவில்லை. அவை தின்று தேறட்டும்.

அடுத்து ரெட்ஹார்ஸ். இதே குடும்பம்தான், செதில் பொன்னிறம், வால் சில வகைகளில் சிவப்பு. கிராண்ட் ஆற்றில் மே மாதம் ஏறும். அங்கே ஒரு கவனம் வேண்டும்: பிளாக் ரெட்ஹார்ஸ் ஒண்டாரியோவில் அழியும் ஆபத்தில் உள்ள இனம், அதைக் குறிவைக்கக் கூடாது, தவறி மாட்டினால் தண்ணீரை விட்டுத் தூக்காமலே விட வேண்டும். கோல்டன் ரெட்ஹார்ஸிலிருந்து அதைப் பிரித்தறிய விலாக்கோட்டுச் செதில்களை எண்ண வேண்டும்: பிளாக்கில் 44 முதல் 47, கோல்டனில் அதைவிடக் குறைவு. துள்ளும் மீனின் செதிலை ஓட்டத்தில் நின்று எண்ணுவது எப்படி என்று மருமகன் கேட்கிறான். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிட வேண்டும்; எண்ணுவதை வீட்டுக்கு வந்து செய்யலாம். அதுவரை எல்லாமே பிளாக் என்று வைத்துக்கொண்டு நடப்பதாக இருவரும் பேசி முடித்திருக்கிறோம்.